இருபத்து நான்கு கணினிகளும் ஒரு நாற்றங்காலும்

இங்கே நான் எழுதப்போகும் நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன்பே தஞ்சை வட்டாரத்தில் என் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பின்னால் வருவதன் எடை விளங்காது. ஒரத்தநாட்டுச் சாலையிலிருந்த எங்கள் கல்லூரியில் நான் இயற்பியல் துறைத்தலைவர். மின்னியலும் வெப்பவியலும் என் பாடங்கள். குறிப்பேட்டைப் பார்த்து நான் வகுப்பெடுத்ததில்லை. வீட்டுக்கு ஒயரிங் செய்பவர் முதல் மின்வாரிய அலுவலகத்தின் இளம் பொறியாளர் வரை, ஐயம் வந்தால் "சாரைக் கேட்டுடலாம்" என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. அந்தப் பொறியாளர் என் மாணவர். நான் உள்ளே நுழைந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நான் கையெழுத்திட்ட கடிதம் எதையும் எவரும் சரிபார்த்ததில்லை.

அந்த மதிப்பே ஒரு வேலி நிலத்துக்கான, ஏறத்தாழ ஏழு ஏக்கருக்கான, நாற்றைக் கருக்கிவிடப் பார்த்தது.

தாராளமயம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலத்தை விற்றுப் பிள்ளைகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். என் குடும்பமும் அவற்றுள் ஒன்று. கணினி இல்லாத கல்லூரிக்கு இனி யாரும் விண்ணப்பம் போடமாட்டார்கள் என்று எங்கள் தாளாளர் கண்டுகொண்டார். பழைய வேதியியல் பண்டக அறையைக் காலி செய்து, சன்னல்களைப் பலகையடித்து மூடி, மூன்று ஏசி இயந்திரங்களைப் பொருத்தி, இருபத்து நான்கு கணினிகளை இறக்கினார்கள். கணினியைப் பற்றி அறிந்தவர் கல்லூரியில் எவரும் இல்லை. ஆகவே மின்சாரத்தைப் பற்றி அறிந்த என்னிடம் அறையை ஒப்படைத்தார்கள்.

கணினிகளைப் பொருத்த வந்த தொழில்நுட்பர் இரண்டு அறிவுரைகள் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவேண்டும். இயந்திரத்தை அடிக்கடி நிறுத்திப் போடக்கூடாது. முதலாவதற்குக் காரணம் தூசி. இரண்டாவதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் அதற்கு ஒரு காரணத்தைக் கட்டினேன். நிறுத்தினால் உள்ளுறுப்புகள் ஆறும்; போட்டால் சூடாகும்; ஆறியும் சூடாகியும் சுருங்கி விரிந்துகொண்டிருந்தால் ஆயுள் குறையும். ஆசிரியர் கூட்டத்தில் கரும்பலகையில் படம் போட்டு இதை விளக்கினேன். தாளாளர் தலையசைத்தார். மறுநாள் என் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பைச் சட்டமிட்டு, கண்ணாடி போட்டு, அறையின் கதவுக்கு மேலே மாட்டச் சொன்னேன்.

"இக்கணினிகளை எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. துறைத்தலைவர்."

அடிக்கடி நிறுத்தாதே என்பதற்கும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே என்பதற்கும் உள்ள தூரத்தை நான் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. சனி, ஞாயிறுகளிலும், கோடை விடுமுறையிலும், பொங்கலுக்குக் கல்லூரி பூட்டிக் கிடந்த நாட்களிலும் அந்த அறையில் மூன்று ஏசிகளும் ஓடின. ஆளில்லாத இருபத்து நான்கு திரைகளில் வண்ண மீன்கள் நீந்தின. திரையில் மீன் ஓடினால் மின்சாரம் மிச்சம் என்று ஆசிரியர்கள் பலர் நம்பினார்கள். மீன் ஓடுவதால் திரைக்குழாயின் பூச்சு தேயாமல் இருக்குமே தவிர, மின்சாரம் சிறிதும் மிச்சமாகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் என்னிடம் கேட்கவில்லை. நானும் வலியச் சென்று திருத்தவில்லை.

அந்த அறைக்கு ஓர் உதவியாளர் இருந்தார். ஏறக்குறைய என் வயதினர், பக்கத்துக் கிராமத்துக்காரர். முன்பு அமிலப் புட்டிகளைக் காத்த அதே அறையில் இப்போது கணினிகளைக் காத்தார். காலையும் மாலையும் துடைப்பதும், ஏசியின் குளிரைப் பார்ப்பதும், செருப்போடு வருபவர்களை விரட்டுவதும் அவர் பணி. என்னிடம் துணிந்து கேலி பேசியவர் அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான்.

"சார், பெரிய கோயில்லகூட மத்தியானம் நடை சாத்திடுறாங்க. இங்க மட்டும் நடையே சாத்தமாட்டேங்கறீங்களே?"

"இது கோயில் இல்லப்பா. அறிவியல்."

"அதாங்க சார். சாமின்னாத் தூங்கும்."

நான் சிரிக்கவில்லை. ஆனால் அவரைக் கண்டிக்கவும் இல்லை.

எங்கள் மதிற்சுவரை ஒட்டிக் கிழக்கே ஒரு வேலி நிலம். அதற்குரியவர்கள் நகரத்துக்குப் போனபோது, வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் கடையொன்றில் நின்று உழைத்துத் திரும்பிய ஒரு முஸ்லிம் பெரியவர் அதை வாங்கினார். அவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றே அழைத்தோம். ஊரிலிருந்து ஆட்கள் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து வயலில் இறங்கியவர் அவர். போர்க்கிணறு போட்டு மோட்டார் பொருத்தியிருந்தார். எனக்கும் அவருக்கும் சுவருக்கு மேலாக ஒரு வணக்கம் என்ற அளவில்தான் பழக்கம்.

அந்த ஆண்டு மேட்டூர் அணை தாமதமாகத் திறந்தது. புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அடுத்த இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு என்று. எங்கள் பகுதி கடைமடை. எங்கள் முறை வரும்போது தண்ணீர் மேலேயே சுவறிவிடும். பாய் முதன்முறையாகப் போர்த் தண்ணீரை மட்டும் நம்பிச் சம்பாவுக்கு நாற்று விட்டார். புரட்டாசி வந்தது; வெயில் குறையவில்லை. ஒருநாள் பிற்பகல் அவர் என் துறை அறைக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். இந்த அறைக்கு அது வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்குள் உள்ளே வந்துவிட்டார்.

"வாங்க பாய். உக்காருங்க."

"இருக்கட்டும் சார். ஒரு சந்தேகம். மோட்டாரு உறுமுது, தண்ணி எடுக்கமாட்டேங்குது. ஒரு தடவை காயில் எரிஞ்சி, தஞ்சாவூருக்கு எடுத்துட்டுப் போயி சுத்திட்டு வந்தேன். மறுபடி சூடாவுது. வோல்டேஜ் இல்லைங்கறாங்க."

"மின்வாரியத்துல சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். டிரான்ஸ்பார்மர் நல்லாத்தான் இருக்காம். அதுல இருக்கறது உங்க காலேஜும் நாங்க நாலு பேரும்தான். உங்க கம்ப்யூட்டர் ரூம்பு வந்த பொறவுதான் இப்பிடின்னு எங்காளு சொல்றாரு. நான் சொல்லல சார், அவரு சொல்றாரு."

நான் ஒரு தாளை எடுத்தேன். டிரான்ஸ்பார்மரின் கொள்ளளவு இவ்வளவு. ஏசி மூன்றும் கணினிகளும் சேர்ந்து எடுப்பது இவ்வளவு. அது இதில் ஒரு சிறு பங்குதான். அவர் முன்னிலையிலேயே கணக்கிட்டுக் காட்டினேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இன்றும் அந்தத் தாளை யாரிடமும் காட்டுவேன். அவர் அதை மரியாதையோடு பார்த்தார்.

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் சார்," என்றார். பிறகு, வாசலுக்குத் திரும்பிக்கொண்டே, "நாத்து நுனி மஞ்சளடிக்குது. இன்னும் அஞ்சாறு நாளு தாங்கும்ங்கறாங்க. அது போச்சுன்னா இந்த வருஷம் நடவு இல்ல. மறுபடி வெதைக்கப் பருவமும் இல்ல."

அன்றே மின்வாரியப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அக்கம்பக்கத்தார் மோட்டார்களின் கோளாறுக்கும் எங்கள் கணினி அறைக்கும் தொடர்பில்லை என்றும், இதை முறையான கணக்கீட்டின் அடிப்படையில் உறுதி செய்வதாகவும் அதில் கண்டிருந்தது. என் மாணவர் அந்தக் கடிதத்தோடு விஷயத்தை முடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கையெழுத்து இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குக் கற்பித்தவன் நானே.

அதற்கு மூன்றாம் நாள் ஆயுத பூசை.

எங்கள் கல்லூரியில் ஆயுத பூசையைச் சிறப்பாகச் செய்வது வழக்கம். தராசு, நுண்ணோக்கி, தோட்டக்காரரின் மண்வெட்டி, அலுவலகத்துத் தட்டச்சு இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்து, தாளாளர் கற்பூரம் காட்டுவார். பூசையில் வைத்த பொருளை மறுநாள் விசயதசமி வரையில் தொடக்கூடாது. கணினி அறையிலும் பூசை உண்டு. முந்தைய ஆண்டுகளில், ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் தலையில் பொட்டு வைத்ததோடு சரி. அன்று காலை நான் அறையை மேற்பார்வையிடப் போனபோது உதவியாளர் சந்தனக் கிண்ணத்தை ஏந்தியபடி பொட்டு வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா, தாளாளர் வர்ற நேரம்."

"ஒரு சந்தேகம் சார். அருவாளைப் பூசையில வச்சா அன்னிக்கு அறுக்கக் கூடாது. அப்பிடித்தானே?"

"ஆமா."

"இது ஓடிக்கிட்டே இருக்குதே? ஓடுனா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? வேலை செய்யுறதைப் பூசையில வச்சதா ஆவுமா சார்?"

"மீன்தானே ஓடுது. வேலை ஒண்ணும் நடக்கலியே."

"மீனு நீந்துறது அதுக்கு வேலை இல்லீங்களா?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்:

"போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் குத்தம் பண்ணிட்டோம் சார். அதான் அந்த ஒம்பதாம் நம்பர் அடிக்கடி மக்கர் பண்ணுது. ஒரு நாளு அணைச்சுடுறேன். நீங்க சரின்னு சொன்னாத்தான்."

அவருடைய பார்வை ஒரு கணம் கதவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குப் போய் மீண்டது. வெளியே தாளாளரின் கார் நின்ற சத்தம் கேட்டது. கருவியைத் தொடாத நாளில் கருவி தானே ஓடுவது முறையா என்று தாளாளரிடம் அவர் கேட்டுவிட்டால், தாளாளர் அவர் பக்கமே நிற்பார் என்பது எனக்குத் தெரியும். "சரி, அணையுங்க," என்றேன். அவரை நான் பன்மையில் விளித்தது அன்றுதான் முதல் தடவை என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஒவ்வொரு கணினியாக அணைந்தது. மீன்கள் ஒவ்வொரு தொட்டியாக மறைந்தன. கடைசியாக மூன்று ஏசிகளும் நின்றன. பூசை முடிந்து தாளாளர் போனபின் அறை புழுங்கத் தொடங்கியது. உதவியாளர் ஓர் உளியைக் கொண்டுவந்து கிழக்குச் சன்னலின் பலகையைப் பெயர்த்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அறைக்குள் வெளிக்காற்று வந்தது. அதோடு ஒரு சத்தமும் வந்தது.

சுவருக்கு அப்பால் பாயின் மோட்டாரை அப்போதுதான் போட்டிருந்தார்கள்; முதலில் உறுமியது. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த உறுமல் தெளிந்து ஒரே சீரான ரீங்காரமாக மாறியது. அதைத் தொடர்ந்து, குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கனமாக விழும் ஓசை.

உதவியாளர் பொரியை மென்றபடி, "பாய் மோட்டாரு இன்னிக்கு நல்லா எடுக்குதுங்க," என்றார். அவர் அதை எதனோடும் முடிச்சுப் போடவில்லை. நான் போட்டேன்.

இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய் ஒரு வோல்ட்மீட்டரை எடுத்தேன். அது பூசையில் வைத்த கருவி. அதன் நெற்றியில் குங்குமம் ஈரமாக இருந்தது. அந்த ஒரு குற்றத்தை அறிந்தே செய்தேன். கணினி அறையின் மின்பலகையைத் திறந்து பார்த்தபோது ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. பண்டக அறைக்குப் பழைய நாளில் மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை, ஒரே ஒரு பேஸ்தான் வந்திருந்தது. அவசரமாக அறையை மாற்றியவர்கள் மூன்று ஏசி, இருபத்து நான்கு கணினி அனைத்தையும் அந்த ஒன்றிலேயே கோத்திருந்தார்கள். மூவர் சுமக்க வேண்டியதை ஒருவன் தோளில் ஏற்றியது போல. மொத்தச் சுமை சிறியதுதான். என் கணக்கு சரிதான். ஆனால் மூன்று பேஸிலும் ஓடும் மோட்டாருக்கு ஒன்றில் மட்டும் அழுத்தம் சரிந்தாலும் போதும், காயில் கருகும். முதலாண்டு மாணவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. சுவருக்கு இந்தப் பக்கம் முப்பது அடி நடந்து ஒரு பலகையைத் திறந்து பார்க்காமல், நாற்காலியில் அமர்ந்து கணக்குப் போட்டிருந்தேன்.

விசயதசமி காலையில் கணினிகளை மீண்டும் போட்டோம். இருபத்து மூன்று எழுந்தன. ஒன்பதாம் எண் எழவில்லை. உள்ளதைச் சொன்னால், அந்தக் கருப்புத் திரையைப் பார்த்தபோது எனக்குள் ஓர் ஆறுதல் பிறந்தது. நிறுத்தலாகாது என்று நான் எழுதியதில் பொருள் உண்டு என்று அது சாட்சி சொல்வது போல் இருந்தது. உதவியாளர் மேசைக்கடியில் தவழ்ந்து போய், "கூட்டுறப்ப பிளக்கு கழண்டிருக்குது சார்," என்றார். செருகினார். அதுவும் எழுந்தது. அதன்பிறகு அது மக்கர் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நாள்தோறும் ஓய்ந்து ஆறியதால் அது தேறியது என்பது என் விளக்கம். குற்றம் தீர்ந்ததால் என்பது அவருடையது.

ஏசிகளை மட்டும் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் சுவரைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். காலணியோடு வரப்பில் நடக்க முடியவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். நாற்றங்காலில் தண்ணீர் நின்றது. பாய் மோட்டார் கொட்டகையில் இருந்தார். மோட்டாரின் மேல் சந்தனமும் குங்குமமும் மாலையும் இருந்தன.

"என்ன பாய், நீங்களும் பூசை போட்டாச்சா?"

"எங்காளு வச்சாரு சார். வைக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா மோட்டாரை நிறுத்துங்கன்னாரு. அதுக்கு மட்டும் முடியாதுன்னுட்டேன். நாத்துக்கு லீவு தெரியாதே." பிறகு என் கையிலிருந்த வோல்ட்மீட்டரையும் காலணியையும் பார்த்தார். "நேத்துலேர்ந்து நல்லா எடுக்குது சார். ஏன்னு தெரியல."

"எனக்குத் தெரியும்," என்றேன். "ஒரு சோதனை பண்ணணும். மோட்டார் ஓடட்டும்."

ஏற்கெனவே சொல்லிவைத்தபடி, நான் கைக்குட்டையை ஆட்டியதும் உதவியாளர் சன்னலிலிருந்து பார்த்து முதல் ஏசியைப் போட்டார். மோட்டார் இணைப்பில் நான் பொருத்தியிருந்த வோல்ட்மீட்டரின் முள் இறங்கியது. இரண்டாவதைப் போட்டார். மோட்டாரின் குரல் கம்மியது. மூன்றாவதற்குப் பழைய உறுமல் வந்தது. குழாயில் விழுந்த தண்ணீர் மெலிந்தது. இருநூற்று முப்பது வோல்ட்டில் நிற்கவேண்டிய முள் இருநூறைத் தொடவில்லை. மீண்டும் கைக்குட்டையை ஆட்டினேன். எல்லாம் நின்றன, தண்ணீர் தடித்தது.

நான் விளக்கத் தொடங்கியபோது, "புரிஞ்சிருச்சு சார்," என்று மட்டும் சொன்னார். தூக்குவாளியிலிருந்து ஒரு தம்ளரில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் வெளியில் தேநீர் அருந்தும் வழக்கமுடையவன் அல்லன், அன்று அருந்தினேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் எழுத்தில் ஒன்று கிடந்தது. அன்று பிற்பகல் மின்வாரியத்துக்கு இரண்டாம் கடிதம் எழுதினேன். "என் முந்தைய கடிதத்தில் உறுதி செய்திருந்தது தவறு. கோளாறு எங்கள் கணினி அறையால் நேர்ந்தது. மின்பலகையை நேரில் பாராமல் எழுதினேன்." இந்த மூன்று வரிகளை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தபாலில் விடாமல் நானே கொண்டுபோனேன். பொறியாளர் வழக்கம்போல எழுந்து நின்று படித்தார். படித்து முடித்தபின்னும் உட்காரவில்லை. அதை நான் மறந்ததில்லை.

அந்த வாரமே சுமையை மூன்று பேஸுக்கும் பிரித்தார்கள். அதோடு நான் நிற்கவில்லை. இரண்டு ஏசிகளைக் கழற்றி எடுக்கச் சொன்னேன். எல்லாச் சன்னல்களையும் திறக்கச் சொன்னேன். தூசிக்கு மெல்லிய துணித்திரை போட்டோம். வயல்களுக்கு மும்முனை மின்சாரம் வரும் பகல் மணிகளில் பாதிக் கணினிகளே ஓடவேண்டும் என்று அட்டவணை எழுதினேன். இன்றைக்கு இந்த வரிசை, நாளைக்கு அந்த வரிசை. வேலை முடிந்தவர் தம் கணினியைத் தாமே நிறுத்திவிட்டு எழவேண்டும். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். உதவியாளர் அவர்களிடம், "ஆத்துத் தண்ணிக்கே முறை இருக்குது, உங்களுக்கு இல்லாமலா?" என்றார். அன்றுமுதல் அதற்கு முறை என்றே பெயர். மாலையில் கடைசிக் கணினியை நிறுத்திவிட்டு என் அறை வாசலில் வந்து நிற்பார்.

"மடையை அடைச்சாச்சு சார்."

கதவுக்கு மேலிருந்த கண்ணாடிச் சட்டத்தை நான் எறியவில்லை. அதிலிருந்த தாளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். "வேலை முடிந்ததும் கணினியை நிறுத்துக. துறைத்தலைவர்." அதே கையெழுத்துதான்.

பாய் ஐப்பசித் தொடக்கத்தில் நட்டார். நட்டு முடித்த சில நாட்களில் மழையும் பிடித்துக்கொண்டது. கிழக்குச் சன்னலோரம் இருந்த கணினிகளில் வேலை செய்தவர்களுக்குத் திரைக்கு அப்பால் பச்சை தெரிந்தது. பயிர் தூர் கட்டியதையும், கதிர் சாய்ந்ததையும் அங்கிருந்தே பார்த்தேன். பணியிலிருந்து ஓய்வு பெறும் வரையில் என் பிற்பகல்களை அந்த அறையில்தான் கழித்தேன். மிஞ்சிய ஏசியும் பெரும்பாலும் ஓய்ந்திருந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் விசைகளைத் தட்டும் ஓசையும், சுவருக்கு அப்பால் தண்ணீர் விழும் ஓசையும் சேர்ந்து கேட்கும். என் பணிக்காலத்தின் நிறைவான ஆண்டுகள் அவை.

அண்மையில் கல்லூரியின் ஆண்டு விழா மலர் எனக்குத் தபாலில் வந்தது. வெளிநாட்டில் மாபெரும் கணினி நிலையமொன்றில் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர் அதில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார். கணினி உண்ணும் மின்சாரத்தைப் பற்றி உலகம் கவலைப்படுவதற்கு வெகுகாலம் முன்பே நான் அதை முன்னறிந்து, கணினிகளை நிறுத்தும் வழக்கத்தை இம்மாவட்டத்தில் தொடங்கிவைத்தேன் என்பது அவர் கூற்று. படம் வேறு போட்டிருக்கிறார்கள்.

அவர் எழுதியிருப்பது தவறு. கணினிகளை நிறுத்தலாகாது என்று எழுதி மாட்டியவன் நான். முதன்முதலில் நிறுத்தியவர் அந்த அறையின் உதவியாளர். நிறுத்தியது ஆயுத பூசைக்காக.